அன்னம்மா சிரிக்காத இருபத்திரண்டு நாள்

வேலையை இழந்த தொழிலாளி தன் குறையைச் சொல்லி ஆறுதல் பெறுவதற்காக அரசாங்கம் ஒரு சமரச அறையை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அந்த அறையில் நீளமான மேசை உண்டு, எலும்பு வரை குளிரும் ஏர்கோன் உண்டு, மேசை நடுவில் ஒரு கிண்ணத்தில் மிட்டாயும் உண்டு. தொழிலாளி தனக்காகப் பேச எவரை வேண்டுமானாலும் அழைத்து வரலாம். மச்சானை அழைத்து வரலாம். லோரி ஓட்டுகிறவரை, ரொட்டி சானாய் போடுகிறவரை, கோயிலில் மேளம் அடிக்கிறவரை அழைத்து வரலாம். வழக்கறிஞரை மட்டும் அழைத்து வரக்கூடாது. சட்டம் தெரிந்தவர்கள் உள்ளே வந்துவிட்டால் பேச்சு சட்டத்தின் பக்கம் போய்விடும் என்பது சட்டத்தின் கவலை.

இந்தக் கவலையால் அதிகம் பாதிக்கப்பட்டவர் லாயர் ரமணி. கோலா சிலாங்கூரில் ஒரு கருவாட்டுக் கடைக்கு மேல்மாடியில் பத்தொன்பது வருடமாக ஆபீஸ் வைத்திருக்கிறார். தொழிலாளர் வழக்கு, மனித உரிமை வழக்கு தவிர வேறு எதையும் தொடமாட்டார். அதனால் அந்தக் கட்டடத்தில் கார் வாங்காத ஒரே வழக்கறிஞர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. அவருடைய அப்பா புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரிடம் ஒருமுறை 'ஏன்?' என்று கேட்டு வேலையை இழந்தவர். மகள் அந்தக் கேள்வியையே படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தார்.

நீதிமன்றத்தில் ரமணி நின்றால் எதிர்த்தரப்பு தண்ணீர் கேட்கும். ஆனால் தொண்ணூறு விழுக்காடு வழக்குகள் அந்தச் சமரச அறையிலேயே முடிந்துவிடும். ஆகவே அவருடைய தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி, அந்த அறைக்கு வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கழிந்தது. உள்ளே போகும் தொழிலாளியின் உள்ளங்கையில் பேனாவால் மூன்று வரி எழுதி அனுப்புவார். ஏர்கோன் குளிரிலும் பயத்தில் கை வியர்த்து இரண்டு வரி அழிந்துவிடும். மீதி ஒரு வரியை வைத்து நியாயம் கிடைத்தால் உண்டு.

இப்படி இருக்கையில்தான் அன்னம்மா வந்தார்.

அன்னம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு செம்பனைத் தோட்டத்தின் நாற்றுப் பண்ணையில் இருபத்தாறு வருட வேலை. தோட்டத்தின் பெயர் வேண்டாம், அவர்களிடம் நல்ல வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர் கொண்டுவந்த கடிதத்தில் கீழ்க்கண்டவாறு எழுதியிருந்தது: 'தொடர்ச்சியான மகிழ்ச்சியின்மையின் மூலம் நிறுவனத்தின் மகிழ்ச்சிக் குறியீட்டுக்கு ஊறு விளைவித்த காரணத்தால் தங்களைப் பணியிலிருந்து அன்புடன் விடுவிக்கிறோம்.'

ரமணி அதை இரண்டு முறை படித்தார்.

"இது என்னக்கா?"

"போன்ல ஒண்ணு ஏத்திக் குடுத்தாங்க லாயரம்மா. தெனமும் காலைல ஏழு மணிக்குள்ள அமுக்கணும். அஞ்சு மூஞ்சி இருக்கும். பல்ல காட்டுற மூஞ்சியிலேர்ந்து அழுவுற மூஞ்சி வரைக்கும். இன்னிக்கு மனசு எப்படின்னு கேக்கும்."

"நீங்க எதை அமுக்குனீங்க?"

"அழுவுறத."

"எத்தன நாளு?"

"இருவத்திரண்டு நாளு."

"ஏன்க்கா?"

"பண்ணை கக்கூசுக்குக் கதவு இல்லலா. ஜூன் மாசம் அடிச்ச காத்துல விழுந்துச்சு. பதினேழு பொம்பளைங்க இருக்கோம். ஒருத்தி போனா ஒருத்தி சாரோங் துணிய மறைச்சுப் புடிச்சிக்கிட்டு வெளிய நிக்கணும். மனசு எப்படின்னு கேட்டாங்க. இப்படித்தான்னு சொன்னேன்."

"யாரும் பதில் சொல்லலையா?"

"சொன்னாங்களே. 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு மொத நாளே வந்துச்சு. சரி, பாத்துட்டாங்க, கதவு வந்துரும்னு நெனச்சேன். வரல. மறுநாளும் அமுக்குனேன். அதுக்கும் நன்றின்னாங்க."

நிர்வாகம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. பத்தாவது நாள் அன்னம்மாவைச் சிரிப்பு யோகா வகுப்புக்கு அனுப்பியது. பதினைந்தாவது நாள் நன்றியுணர்வு நாட்குறிப்பு ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. இருபத்திரண்டாவது நாள் விசாரணை வைத்தது. விசாரித்தவர் தேவன் என்ற இளைஞர், பதவி மகிழ்ச்சித் துறைத் தலைவர். முன்பு அதே நாற்காலியில் பேர் பதியும் கணக்கர், அதாவது கிராணி, உட்கார்ந்திருந்தார். அவர் வேலைக்கு வந்தார்களா என்று மட்டும்தான் கேட்பார், சந்தோஷமாக வந்தார்களா என்று கேட்டதில்லை. காலம் எவ்வளவோ முன்னேறிவிட்டது.

"ஆன்ட்டி, தோட்டத்தில நூத்துப் பன்னண்டு பேரு. நூத்துப் பதினோரு பேரு ஹேப்பி. நீங்க ஒருத்தங்கதான் கிராஃப்ப கீழ இழுக்கிறீங்க" என்று தேவன் விசாரணையில் சொன்னாராம்.

"கதவு போட்டுட்டா நானும் ஹேப்பிதான் தம்பி."

"கதவு மெயின்டெனன்ஸ் ஆன்ட்டி. அது வேற டிப்பார்ட்மென்ட். மனசு மட்டும்தான் என்னோடது."

வேலை போனதோடு விஷயம் முடியவில்லை. அன்னம்மா குடியிருந்தது கம்பெனி வீடு. ஜனவரி முப்பத்தொன்றாம் தேதிக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று இரண்டாவது கடிதம் வந்திருந்தது. கணவர் செல்லையா இனிப்பு நீர் வியாதியில் ஒரு காலை இழந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். புஞ்சாக் ஆலாமில் கிடைத்த வாடகை வீடோ நாலாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. "அவர நான் தூக்கிட்டு ஏறிருவேன் லாயரம்மா. ஆனா அவருக்குத்தான் வெக்கமா இருக்கும்" என்றார் அன்னம்மா. அதைக் கேட்டு ரமணிக்குக் கண்ணில் நீர் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அறுபது நாள் கெடுவுக்குள் மனு போட்டாயிற்று. நவம்பரில் சமரச அறைக்கு அழைப்பும் வந்தது. அன்னம்மாவுக்குத் தெரிந்த மலாய் மொழி, சந்தையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். உடன் யாரை அனுப்புவது?

தோட்டத்தார் ஏகமனதாக ஐயாவுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐயாவு கோயில் கமிட்டிச் செயலாளர். கல்யாணம், கருமாதி, பள்ளி விளையாட்டுப் போட்டி எதுவாக இருந்தாலும் வரவேற்புரை அவருடையதுதான். மைக் இல்லாமலே மூன்று லயத்து வீடுகளுக்கும் கேட்கும். ரமணி அவருடைய உள்ளங்கையிலும் மூன்று வரி எழுதினார். ஐயாவு கையைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா, நான் குறிப்பு வச்சுப் பேசுற ஆள் இல்ல" என்றார்.

ரமணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒதுக்கியிருந்த நேரம் ஒரு மணி. ஐம்பது நிமிடம் ஐயாவுவின் குரல் மட்டும் கேட்டது. பிறகு கைதட்டல் கேட்டது. ரமணி எழுந்து கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். சமரச அதிகாரியான மலாய் அம்மையாரின் தோளில் ஒரு பொன்னாடை. தேவனின் தோளில் இன்னொரு பொன்னாடை. தேவன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். அன்னம்மா மூலையில் உட்கார்ந்து மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஐயாவு வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"எப்படி நம்ம பேச்சு? அதிகாரிம்மா அசந்துட்டாங்க. மலாய்லயே பேசிட்டேன்."

"அன்னம்மாக்கா கேச சொன்னீங்களா அண்ணே?"

"அங்கதான்மா வந்துகிட்டிருந்தேன். வந்தவங்கள வரவேற்காம எடுத்த எடுப்புல கேசப் பேசுனா மரியாதையா இருக்குமா? தலைமை, முன்னிலை, சிறப்பு வருகை எல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள மணி ஆயிருச்சு."

"பொன்னாடை எதுக்கு?"

"அதிகாரிக்கு மட்டும் போட்டா அந்தப் பையன் மனசு நோவாதா?"

கூட்டக் குறிப்பு பத்து நாளில் வந்தது. 'தொழிலாளர் தரப்பு நிறுவனத்தை மனமாரப் பாராட்டிக் கௌரவித்தது. கருத்து வேறுபாடு எதுவும் எழுப்பப்படவில்லை' என்று எழுதியிருந்தது. பொன்னாடைப் படம் கம்பெனி செய்தி மடலின் அட்டையில் வந்திருந்தது. அன்னம்மா கெஞ்சிக் கேட்டதன் பேரில் ஜனவரி இரண்டாம் வாரத்தில் கடைசியாக ஒரு தேதி கொடுத்தார்கள்.

ரமணி அன்று மாலை வரைக்கும் மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். லோரிக்காரர் பேசலாம், மேளக்காரர் பேசலாம், பொன்னாடையோடு ஐயாவு பேசலாம். பேசக்கூடாத ஒரே பிறவி தான்தான். அப்படியென்றால் வழி ஒன்றுதான் இருந்தது. வழக்கறிஞரின் தொழில் சான்றிதழ் டிசம்பர் முப்பத்தொன்றோடு காலாவதியாகும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அந்த வருடம் ரமணி புதுப்பிக்கவில்லை. கையிலிருந்த மற்ற வழக்குகளை நண்பர் லாயர் சுகுமாறனிடம் ஒப்படைத்தார். "பைத்தியமா உனக்கு?" என்று சுகுமாறன் கேட்டார். "ஒரு மாசத்துக்குத்தான்" என்றார் ரமணி.

ஜனவரி முதல் வாரத்தில் சமரச அலுவலகத்துக்குப் போய், தான் அன்னம்மாவுக்காகப் பேசப் போவதாக எழுதிக் கொடுத்தார். அதிகாரி அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேச்சு மலாயில் நடந்தது.

"நீங்கள் வழக்கறிஞர் ஆயிற்றே?"

"போன வாரம் வரைக்கும்."

"இப்போது இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?"

"சான்றிதழ் இல்லை."

"இல்லாத சான்றிதழைக் கோப்பில் எப்படி வைப்பது? நீங்கள் வழக்கறிஞர் இல்லை என்று சத்தியப் பிரமாணம் வேண்டும். அதோடு, அதை உறுதிப்படுத்தி ஒரு வழக்கறிஞரின் கடிதமும் வேண்டும்."

ரமணி சத்தியப் பிரமாணம் செய்தார். சுகுமாறன் முத்திரைத் தாளில், 'மேற்படி ரமணி வழக்கறிஞர் அல்ல என்பதை நான் நன்கு அறிவேன்' என்று எழுதிக் கொடுத்தார். பத்தொன்பது வருடத்தில் ரமணிக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அது.

குறித்த நாளில் ரமணி அறைக்குள் காலெடுத்து வைத்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் அன்று யாரும் இல்லை.

"மிஸ்டர் தேவன், இது நீங்க ஒட்டுன நோட்டீஸ்தானே?" என்று ஒரு தாளை எடுத்து வைத்தார். "என்ன எழுதியிருக்கு, வாசிங்க."

தேவன் வாசித்தார். "'அனைத்து ஊழியர்களும் தங்கள் மனநிலையை உண்மையாகப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'"

"அன்னம்மா உண்மையாப் பதிவு செஞ்சாங்களா இல்லையா?"

"செஞ்சாங்க மேடம். அதான் ப்ராப்ளம்."

"உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சதுக்கு வேலை நீக்கமா?"

"உண்மையான்னா ஹேப்பியான்னு அர்த்தம் மேடம். எல்லாருக்கும் புரிஞ்சிச்சு. நூத்துப் பதினோரு பேருக்குப் புரிஞ்சிச்சு."

"அந்த நூத்துப் பதினோரு பேருல பதினாறு பொம்பளைங்க அதே கதவில்லாத கக்கூசுக்குத்தான் போறாங்க. அவங்க எப்படி ஹேப்பி?"

"அவங்க பாசிட்டிவ் மேடம்."

அதிகாரி அம்மையார் இருமினார். ரமணி குரலைத் தாழ்த்தினார். "இங்க முடியலைன்னா கோர்ட்டுக்குப் போகும். அங்க லாயர் வரலாம். பத்திரிகைக்காரங்களும் வரலாம். வர்ற திங்கக்கிழமை உங்களுக்கு ஏதோ மகிழ்ச்சித் தோட்ட விருதுன்னு நடுவருங்க வர்றாங்களாமே."

தேவன் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். நாற்பது நிமிடம் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்தார். வேலை திரும்பக் கிடைக்கும், வீடும் அவர்களுக்கே. ஒப்பந்தம் அங்கேயே தட்டச்சு செய்யப்பட்டது. நான்காவது பிரிவு மட்டும் புதிது: 'இன்று முதல் தொழிலாளி நாள்தோறும் காலை ஏழு மணிக்குள் மகிழ்ச்சியாக இருக்க இதன்வழி ஒப்புக்கொள்கிறார்.'

ரமணி அதைப் பார்த்தார். பார்த்தும் விட்டுவிட்டார். செல்லையாவின் சக்கர நாற்காலியும் நாலாவது மாடியும்தான் அப்போது அவர் மனதில் இருந்தன. எல்லாவற்றையும் தமிழில் வாசித்துச் சொல்லி, பேனாவை அன்னம்மாவிடம் நீட்டினார்.

அன்னம்மா பேனாவை வாங்கவில்லை.

"இதுல கதவு எங்க லாயரம்மா?"

ரமணிக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக மனுவும் பிரமாணமும் எழுதியவர், கதவை எழுத மறந்திருந்தார்.

"கதவுக்கு பட்ஜெட் கமிட்டி கூடணும் ஆன்ட்டி" என்றார் தேவன். "இந்த வருஷ பட்ஜெட் விருது விழாவுக்குப் போயிருச்சு."

"கதவ அப்புறம் பாத்துக்கலாம்க்கா" என்றார் ரமணி மெதுவாக. "மொதல்ல வேலையும் வீடும். காலைல அந்தப் பல்லு மூஞ்சிய அமுக்கிட்டு உங்க வேலையப் பாருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

அன்னம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தோட்டந்தோட்டமா வந்து நீங்கதான சொன்னீங்க, லாயர் பாக்காம எந்தக் காயிதத்துலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னு? லாயர் பாத்து சரின்னு சொல்லட்டும். போடுறேன்."

"நான்தான்க்கா…" என்று ரமணி ஆரம்பித்தார்.

அதிகாரி அம்மையாருக்கு அவ்வளவு தமிழ் தெரியும். கோப்பைத் திறந்து சத்தியப் பிரமாணத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். "யோசித்துப் பேசுங்கள். பொய்ப் பிரமாணத்துக்குச் சிறை."

ரமணி பிரமாணத்தின் அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"நான் லாயர் இல்லக்கா" என்றார் ரமணி.

"சுகுமாறன் லாயரக் கூப்பிட்டுக் காட்டலாமே" என்று தேவன் யோசனை சொன்னார்.

"எனக்கு இவங்கதான் லாயர். இவங்களுக்கு லைசென்ஸ் வரட்டும். வந்தப்புறம் பாத்துச் சொன்னா கண்ண மூடிக்கிட்டுப் போடுறேன்."

தேவனுக்குத் திங்கட்கிழமை நெருக்கியது. அதிகாரிக்கும் அந்த மாதத்தில் முடிக்க வேண்டிய கோப்புகளின் எண்ணிக்கை நெருக்கியது. ஆகவே கீழ்க்கண்டவாறு பதிவு செய்யப்பட்டது: ஒப்பந்தம் எட்டப்பட்டது, கையெழுத்து நிலுவையில் உள்ளது, அதுவரை தொழிலாளி வேலையிலும் வீட்டிலும் தொடர்வார். கையெழுத்தாகும் வரை அவருடைய போன் கணக்கு பூட்டி வைக்கப்படும். அதாவது, ஒப்பந்தம் நிலுவையில் இருக்கும் வரை அன்னம்மாவின் மனசு எப்படி என்று கேட்க நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தோட்டத்திலேயே அப்படி ஒரு சலுகை பெற்றவர் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை நடுவர்கள் வந்தார்கள். கணக்கில் இருந்த நூற்றுப் பதினோரு பேரும் மகிழ்ச்சி. நூற்றுக்கு நூறு. ஐயாவு வரவேற்புரை ஆற்றினார். விருதோடு பத்தடி நீளத்தில் ஒரு பேனரும் கொடுத்தார்கள், மஞ்சள் நிறத்தில் பெரிய சிரித்த முகம் போட்டது. தொழிலாளர்கள் நாள்தோறும் வந்து போகும் இடத்தில் ஓராண்டுக்கு அதைத் தொங்கவிட வேண்டும் என்பது விருதின் நிபந்தனை. எந்த இடம் என்று தேவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நாற்றுப் பண்ணைப் பெண்கள் அதை வாங்கிப்போய்க் கக்கூசு வாசலில் கட்டிவிட்டார்கள். தேவன் வந்து பார்த்தார். நிபந்தனைத் தாளை இரண்டு முறை படித்தார். ஆட்சேபிக்க வழியில்லாமல் ஒரு போட்டோ எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். தலைமையகம் அவருடைய கருத்துக்கு நன்றி தெரிவித்தது.

கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்தின் மகிமை மற்றவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. பதினாறு பெண்களும் சேர்ந்து ரமணியின் ஆபீசுக்கு வந்தார்கள். "எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்கலா" என்றார்கள். அதற்கு முதலில் இருபத்திரண்டு நாள் அழுகிற முகத்தை அழுத்த வேண்டும் என்று ரமணி விளக்கினார். "ஐயோ, அது வேணாம், வேலை போயிரும்" என்று இறங்கிப் போய்விட்டார்கள். போகிற வழியில் கீழே கருவாடு வாங்கினார்கள்.

ரமணியின் சான்றிதழ் பிப்ரவரி மூன்றாம் வாரமே வந்துவிட்டது. கிள்ளான் நீதிமன்றத்தில் வாரத்துக்கு நான்கு நாள் நிற்கிறார், எதிர்த்தரப்பு வழக்கம்போலத் தண்ணீர் கேட்கிறது. அன்னம்மாவுக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. வந்தது என்று சொன்னால் ஒப்பந்தத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுங்கள் என்றால் நான்காவது பிரிவு வந்து உட்கார்ந்துகொள்ளும். போடாதீர்கள் என்றால் வீடு போய்விடும். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும், அன்னம்மா பஸ் ஏறி வரும் நேரத்துக்கு முன்பே, ரமணி சான்றிதழ் மாட்டிய கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார். உண்மை சொன்ன குற்றத்துக்கு ஒருவரைத் தண்டிக்கக்கூடாது என்று வாதாடியவர், வாரத்துக்கு ஒரு பொய் சொல்லி அந்த வழக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். முதல் வெள்ளிக்கிழமை அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

போன வெள்ளிக்கிழமையும் அன்னம்மா வந்தார். ஒரு பை கத்தரிக்காயை மேசை மேல் வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"லைசென்ஸ் வந்துருச்சா லாயரம்மா?"

"இன்னும் வரலக்கா" என்று ரமணி சிரித்துக்கொண்டே சொன்னார். "கவர்மென்ட் வேலையாச்சே, மெதுவாத்தான் வரும்."

"அவசரமில்ல. மெதுவாவே வரட்டும்."

அன்னம்மா எழுந்து கதவு வரைக்கும் போனார். பிறகு திரும்பி வந்து, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தார்.

"சொல்றப்ப ஒங்க எடது கண்ணு துடிக்குது லாயரம்மா. அத மட்டும் சரி பண்ணிக்கங்க. வேற யாராச்சும் கேட்டா கண்டுபிடிச்சிருவாங்க."